காலில் வலி, முதுகில் காரணம்

(மருத்துவமனை நண்பர்களின் ஆண்டுக் கூடுகையில் நம் எலும்பு சிகிச்சைப் பிரிவின் மூத்த மருத்துவர் ஆற்றிய உரை. கேட்டவர்களில் பலர் விரும்பியதால், அவர் பேசிய நடையிலேயே இங்கே தருகிறோம்.)





சற்று முன் எல்லாரும் பாட்டுக்கு எழுந்து நின்றபோது நான் பின்வரிசையில் இருந்தேன். உங்களில் நாலைந்து பேர் முன்னால் இருந்த பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து எழுந்தீர்கள். ஓர் ஐயா முதல் சரணம் முடியும் முன்பே மெதுவாக உட்கார்ந்துவிட்டார். குறையாகச் சொல்லவில்லை. எலும்பு டாக்டரின் கண் எங்கே போனாலும் இடுப்பையும் காலையும்தான் பார்க்கும்.

இந்த ஆண்டு எதைப் பற்றிப் பேசலாம் என்று நம் செவிலியர் கண்காணிப்பாளரிடம் கேட்டேன். "சார், எல்லார் வீட்டிலும் ஒருத்தருக்காவது இடுப்பிலிருந்து காலுக்கு இழுக்கிற வலி இருக்கு. அதைப் பத்தியே சொல்லுங்க" என்றார். ஆகவே இன்றைக்கு அந்த வலியைப் பற்றித்தான் பேசப் போகிறேன். நாங்கள் அதைச் சயாட்டிகா என்கிறோம். நம் ஊரில் வாயுப் பிடிப்பு, நரம்பு இழுப்பு, ஜவ்வு விலகல் என்று பல பெயர்கள் சொல்கிறார்கள். பெயர் எதுவானாலும் வேதனை ஒன்றுதான்.

நான் சொல்ல வந்த செய்தியை முதலிலேயே ஒரே வரியில் சொல்லிவிடுகிறேன். நடுவில் கண் அயர்ந்தாலும் இதை வீட்டுக்குக் கொண்டு போய்விடலாம். இந்த நோயில் கத்துகிற வலியைவிட, கத்தாத அறிகுறிகளுக்குத்தான் நாம் பயப்பட வேண்டும். எப்படி என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில், வலி எங்கிருந்து வருகிறது? உங்கள் வீட்டில் வாசல் விளக்கு எரியாமல் போனால் பல்பை மாற்றிப் பார்ப்பீர்கள். அப்போதும் எரியாவிட்டால், பழுது உள்ளே சுவிட்சுப் பலகையில் இருக்கலாம் என்று எலெக்ட்ரீஷியன் சொல்வார். காலில் வருகிற இந்த வலியும் அப்படித்தான். கணுக்காலில் வலிக்கிறது என்று கணுக்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருப்போம். பழுது இடுப்பில் இருக்கும்.

நம் முதுகெலும்பின் இடுப்புப் பகுதியில் ஐந்து எலும்புகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு இரண்டு எலும்புகளுக்கும் நடுவே ஒரு வட்டு இருக்கிறது. அதைத்தான் டிஸ்க் என்கிறோம். வெளியே கெட்டியான நார் வளையம், உள்ளே கொழகொழப்பான சதை. நாம் குனியும்போதும், நிமிரும்போதும், பஸ் குண்டு குழியில் ஏறி இறங்கும்போதும் அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்வது இந்த வட்டுதான். வயது ஏற ஏற அதன் ஈரம் குறைகிறது, நார் வளையத்தில் கீறல்கள் விழுகின்றன. ஒரு நாள் பாரமான ஏதாவது ஒன்றைக் குனிந்து தூக்கும்போதோ, சும்மா ஒரு தும்மலிலோ, உள்ளே இருக்கும் சதை அந்தக் கீறல் வழியாகப் பின்புறம் பிதுங்கிவிடுகிறது. அங்கேதான் காலுக்குப் போகும் நரம்பின் வேர் இருக்கிறது.

அந்த வேர்கள் பல சேர்ந்து உருவாகும் நரம்புதான் சயாட்டிக் நரம்பு. சரீரத்திலேயே மிகவும் தடிமனான நரம்பு இது. ஏறத்தாழ ஒரு விரல் பருமன் இருக்கும். பிட்டத்தின் ஆழத்தில் புறப்பட்டு, தொடையின் பின்புறமாக இறங்கி, முழங்காலுக்கு மேலே இரண்டாகப் பிரிந்து, பாதம் வரைக்கும் போகிறது. வேரைத் தொட்டால் நுனி வரைக்கும் வலிக்கும்.

இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரத்து மருத்துவர் கோட்டுன்யோ, இந்த வலி மூட்டிலிருந்து வருவதல்ல, நரம்பிலிருந்து வருவது என்று 1764-இல் ஒரு புத்தகமே எழுதினார். ஆனால் நரம்பை எது தொந்தரவு செய்கிறது என்பது பின்னும் வெகு காலம் தெளிவாகவில்லை. 1934-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு அறுவை மருத்துவர்கள், பிதுங்கிய வட்டுதான் காரணம் என்று அறுவை சிகிச்சை செய்தே காட்டினார்கள். வட்டு நசுக்குவது மட்டுமல்ல, அதன் உள்சதை நரம்பின் மேல் பட்டதும் அங்கே அழற்சி உண்டாகிறது என்பதையும் பின்னால் வந்தவர்கள் கண்டுபிடித்தார்கள். புண்ணான இடத்தில் மிளகாய் பட்டதுபோல் எரிவது அதனால்தான்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். "ஜவ்வு விலகிடுச்சு" என்ற பேச்சு அநேகரைத் தவறான வழியில் அனுப்பியிருக்கிறது. விலகியது என்றால் தள்ளி உள்ளே வைத்துவிடலாம் என்று தோன்றும் அல்லவா? அதனால்தான் கால் முதலில் பிறந்தவரைத் தேடிப் பிடித்து, குப்புறப் படுத்து, முதுகில் மிதிக்கச் சொல்லுகிறார்கள். பாத்திரத்தின் மூடிபோல வட்டு நகர்ந்து போவதில்லை. அது மேலும் கீழும் எலும்போடு ஒட்டியிருக்கிறது. உள்ளே இருப்பது பிதுங்கியிருக்கிறது, அவ்வளவுதான். மிதிப்பதால் அது உள்ளே போகாது. இன்னும் அதிகமாகப் பிதுங்கினால் யார் பொறுப்பு?

சரி, காலில் வருகிற வலியெல்லாம் சயாட்டிகாவா? இல்லை. உண்மையான சயாட்டிகா பெரும்பாலும் ஒரு காலில்தான் வரும். முழங்காலுக்குக் கீழே இறங்கும். இடுப்பு வலியைவிடக் கால் வலி கடுமையாக இருக்கும். இருமினாலும், தும்மினாலும், கழிப்பறையில் முக்கினாலும் காலில் சுரீர் என்று வெட்டி இழுக்கும். எந்த வேர் பாதிக்கப்பட்டிருக்கிறது என்பதை வலி ஓடுகிற பாதையே எங்களுக்குச் சொல்லிவிடும். கெண்டைக்காலின் வெளிப்பக்கமாக வந்து பாதத்தின் மேல்புறத்தில், பெருவிரலில் முடிந்தால் ஐந்தாவது இடுப்பு நரம்பு. கெண்டைக்காலின் பின்புறமாக வந்து சுண்டுவிரல் பக்கம் முடிந்தால் அதற்குக் கீழே உள்ள நரம்பு. மல்லாந்து படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் காலை மேலே தூக்கிப் பார்ப்போம். பாதி உயரத்துக்கு வருவதற்குள் "ஐயோ, போதும் சார்" என்று கால் முழுவதும் இழுத்தால் சந்தேகம் வலுக்கிறது. இந்தச் சோதனையைச் செர்பியா நாட்டு மருத்துவர் லாசரேவிச் 1880-லேயே எழுதிவைத்தார். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம், ஒரு பைசா செலவில்லை.

பெரியவர்களுக்கு வருவது சற்று வேறு மாதிரி. கொஞ்ச தூரம் நடந்ததும் இரண்டு கால்களும் கனத்து, மரத்து, மேலே நடக்க முடியாமல் போகும். திண்ணை கண்ட இடத்தில் உட்கார்ந்தாலோ, முன்னால் குனிந்தாலோ சுகமாகிவிடும். "சார், நடக்க முடியல. ஆனா சைக்கிள் மட்டும் எத்தனை மைலும் மிதிப்பேன்" என்று ஒரு பெரியவர் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. தண்டுவடப் பாதை குறுகிப் போனவர்களுக்கு, குனியும்போது அந்தப் பாதை சற்று அகலமாகிறது. சைக்கிளில் குனிந்துதானே உட்காருகிறோம்? இதற்கு மாறாக, குனியாமல் சும்மா நின்றாலே கெண்டைக்கால் வலி தணிந்துவிடுகிறது என்றால், காலுக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பீடி, சிகரெட் பிடிக்கிறவர்கள் இதைக் கவனித்துக் கேளுங்கள். இரண்டு பாதங்களும் சமமாக எரிந்தால் சர்க்கரையைச் சோதிக்க வேண்டும்.

இனி நல்ல செய்திக்கு வருகிறேன். சயாட்டிகா வந்தவர்களில் பெரும்பாலோர் அறுவை சிகிச்சை இல்லாமலே சுகம் அடைகிறார்கள். பிதுங்கி வெளியே வந்த சதையைச் சரீரமே அந்நியப் பொருளாக எண்ணி, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடுகிறது. பெரிதாகப் பிதுங்கியது பல நேரங்களில் நன்றாகவே கரைந்துவிடுகிறது. ஆனால் அதற்கு நாட்கள் அல்ல, வாரங்கள் வேண்டும்.

அந்த வாரங்களில் படுத்தே கிடக்க வேண்டுமா? நான் படித்த காலத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். நானே எத்தனையோ பேரைக் காலில் எடை கட்டித் தொங்கவிட்டு, வாரக்கணக்கில் கட்டிலில் படுக்க வைத்திருக்கிறேன். பிறகு நெதர்லாந்து நாட்டில் 183 நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். 1999-இல் முடிவு வெளியானது. பாதிப் பேரை இரண்டு வாரம் படுக்கையில் இருக்கச் சொன்னார்கள். மற்றவர்களை, முடிந்த மட்டும் எழுந்து நடமாடச் சொன்னார்கள். 12 வாரங்கள் கழித்துப் பார்த்தால் இரு பக்கமும் நூற்றுக்கு 87 பேர் தேறியிருந்தார்கள். படுத்துக் கிடந்ததால் எந்த லாபமும் இல்லை. நஷ்டம் உண்டு. படுத்தவருக்குத் தசை வற்றும், மலம் கட்டும், மனம் சோரும். நம் மருத்துவமனைக்கு வருகிறவர்களில் அநேகர் அன்றாடக் கூலிக்காரர். அவர்களுக்கு ஒரு மாதம் படுக்கை என்றால் ஒரு மாதம் அடுப்பு எரியாது. ஆகையால் இப்போது நாங்கள் சொல்வது இதுதான்: வலி தாங்க முடியாத ஒன்றிரண்டு நாள் படுங்கள். பிறகு எழுந்து, வலி அனுமதிக்கிற அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நடங்கள். நடப்பதால் நரம்பு அறுந்துவிடாது.

அடுத்தது ஸ்கேன். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் பெரிய உறையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். உட்காரும் முன்பே, "டாக்டர், எனக்கு மூன்று டிஸ்க் போய்விட்டது" என்றார். அவருக்குக் கால் வலி நின்று பத்து நாள் ஆகியிருந்தது. ஆனால் அறிக்கையைப் படித்த நாளிலிருந்து அவர் பேரப் பிள்ளையைத் தூக்கவில்லை. 1994-இல் அமெரிக்காவில், முதுகு வலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் செய்து பார்த்தார்கள். அவர்களில் நூற்றுக்கு 52 பேருக்கு ஏதாவது ஒரு வட்டாவது புடைத்திருந்தது. நூற்றுக்கு 27 பேருக்கு அதைவிடப் பெரிய பிதுக்கமே இருந்தது. ஒருவருக்கும் வலி இல்லை! தலை நரைப்பதுபோல வட்டும் தேய்கிறது. அந்த ஐயாவிடம் இதைச் சொல்லி, முதலில் பேரனைத் தூக்கச் சொன்னேன். ஸ்கேன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எச்சரிக்கை அறிகுறி இருந்தால் அன்றைக்கே வேண்டும். அறுவை சிகிச்சையோ முதுகில் ஊசியோ செய்ய வேண்டிய நிலை வந்தாலும் வேண்டும். வெறும் பயத்துக்காகக் கடன் வாங்கி எடுக்க வேண்டியதில்லை.

மருந்தைப் பற்றியும் கேட்பீர்கள். வலி மாத்திரை சில நாட்களுக்கு உதவும். ஆனால் இரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப் புண் உள்ளவர்கள் கடையில் தாமாக வாங்கி மாதக்கணக்கில் விழுங்கக் கூடாது. சிறுநீரகம் கெட்டுப்போகலாம். நரம்பு வலிக்கென்று அதிகமாக எழுதப்படும் பிரிகாபலின் மாத்திரையை ஆஸ்திரேலியாவில் 209 சயாட்டிகா நோயாளிகளிடம் சோதித்து, 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். வெறும் மாத்திரையைவிட அது அதிகப் பயன் தரவில்லை, தலைச்சுற்றல்தான் அதிகம். அதைச் சாப்பிட்டு வருகிறவர்கள் நான் சொன்னேன் என்று திடீரென்று நிறுத்திவிட வேண்டாம், உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். "ஒரு ஊசி போடுங்க சார்" என்று கேட்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிட்டத்தில் தவறான இடத்தில் போடப்படும் ஊசி இதே சயாட்டிக் நரம்பைக் குத்திப் பாதத்தை விழச் செய்துவிடும். அப்படிப் பாதம் தொங்கிப்போன குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். வலிக்குப் பயந்து வினையை வாங்கிக்கொள்ளாதீர்கள்.

அறுவை சிகிச்சை யாருக்கு? ஆறு முதல் பன்னிரண்டு வாரம் வரை கடும் வலியில் இருந்த 283 பேரை நெதர்லாந்தில் ஆராய்ந்து 2007-இல் முடிவை வெளியிட்டார்கள். சீக்கிரமே அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு வலி விரைவாகக் குறைந்தது. மற்றவர்கள் காத்திருந்தார்கள். அவர்களில் நூற்றுக்கு 39 பேர் பின்னால் அறுவை சிகிச்சை செய்துகொண்டார்கள். ஓராண்டு முடிவில் இரு பக்கமும் நூற்றுக்கு 95 பேர் தேறியிருந்தார்கள். ஆகவே வலிக்கு மட்டும் என்றால் அறுவை சிகிச்சை ஒரு விருப்பம், அவசரம் அல்ல. நோயாளியும் குடும்பமும் யோசித்து முடிவு செய்யலாம்.

இப்போது, யோசிக்க நேரம் இல்லாத நிலைக்கு வருகிறேன். தொடக்கத்தில் சொன்ன அந்த ஒரே வரி இதுதான்.

டாக்டர் பால் பிராண்டை உங்களில் பலர் அறிவீர்கள். 1914-இல் நம் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்து, 1946-இல் வேலூருக்கு மருத்துவராகத் திரும்பி வந்தவர். தொழுநோயாளிகளின் விரல்கள் அழுகி உதிர்வதாக அந்நாளில் எல்லாரும் நம்பினார்கள். அவர் அருகே உட்கார்ந்து பார்த்தார். நோய் விரலைத் தின்னவில்லை. வலி தெரியாததால் சூட்டிலும், கூர்மையான பொருளிலும், பொருந்தாத செருப்பிலும் அவர்கள் தாங்களே காயப்பட்டுக்கொண்டார்கள் என்று கண்டார். வலி ஒரு காவல்காரன். அவன் கத்துவது நமக்குப் பிடிக்காது. ஆனால் அவன் வாயடைத்துப் போனால்தான் வீட்டுக்கு ஆபத்து. பால் பிராண்ட் தொழுநோயில் கண்டதைச் சயாட்டிகாவிலும் நாங்கள் காண்கிறோம்.

ஒருவர் வருகிறார். "கால் வலி போயிட்டு சார், ஆனா பாதம் மதமதன்னு இருக்கு" என்கிறார். வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். எனக்குச் சந்தோஷம் இல்லை. வலி போய், மரத்துப் போவது அதிகமாகி, பெருவிரலைத் தூக்க முடியாமல், செருப்பு காலிலிருந்து நழுவுவது தெரியாமல் இருந்தால், நரம்பு சுகமாகவில்லை, செத்துக்கொண்டிருக்கிறது. கத்துகிற நரம்பு உயிரோடிருக்கிறது.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. தண்டுவடம் இடுப்பின் மேல்பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்பு வேர்கள் ஒரு கற்றையாகத் தொங்குகின்றன. குதிரையின் வால்போல் இருப்பதால் அதைக் குதிரைவால் நரம்புக் கற்றை என்கிறோம். இரண்டு கால்களுக்கு மட்டுமல்ல, சிறுநீர்ப்பைக்கும் மலவாய்க்கும் பிறப்புறுப்புக்கும் உணர்ச்சியும் கட்டுப்பாடும் அதன் வழியாகத்தான் போகின்றன. எப்போதாவது ஒருவருக்குப் பெரிய பிதுக்கம் நடுவில் வந்து அந்தக் கற்றை முழுவதையும் நசுக்கிவிடும். அபூர்வம்தான். ஆனால் வந்தால் மணிக்கணக்குத்தான். 48 மணி நேரத்துக்குள் நசுக்கத்தை நீக்கியவர்கள் நன்றாகத் தேறினார்கள் என்று 2000-இல் முந்தைய அறிக்கைகளைத் தொகுத்துச் சொன்னார்கள். 48 மணி நேரம் பொறுக்கலாம் என்று அதற்குப் பொருளல்ல. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்லப் போகிறேன். நான் இளம் மருத்துவனாக வேறோர் ஊரில் வேலை பார்த்த நாட்கள். பீடி சுற்றும் ஒரு பெண் வந்தார். நாற்பது வயது இருக்காது. காலையிலிருந்து இரவு வரை மடியில் சுளகை வைத்துக் குனிந்தே இருந்து பிள்ளைகளைப் படிக்கவைத்தவர். ஒரு மாதமாக இடது காலில் வலி. இரண்டு நாளாக வலது காலிலும் வந்துவிட்டது. கொழுந்தனார்தான் பஸ்ஸில் கூட்டி வந்திருந்தார். அறையில் அவரும், அடுத்த நோயாளிகள் இரண்டு பேரும், ஒரு மாணவரும் நின்றார்கள். நான் எழுதிக்கொண்டே, தலை நிமிராமல், "ஒண்ணுக்கு ரெண்டுக்கு ஒழுங்கா போகுதா?" என்று கேட்டேன். அந்த அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு, "ஒண்ணும் இல்ல சார்" என்றார். நானும் "இல்லை" என்று எழுதி, மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வயிறு கல்போல் உப்பியிருந்தது. ரப்பர் குழாய் போட்டதும் பெரிய பாத்திரம் நிரம்புகிற அளவுக்குச் சிறுநீர் வந்தது. முட்டிக்கொண்டு இருந்தும் அவருக்கு முட்டுகிற உணர்ச்சியே இல்லை. முதல் நாள் என்னிடம் வந்தபோதே ஒரு பகல் முழுவதும் சிறுநீர் சரியாகப் போகவில்லையாம். உட்காரும் இடம் மரத்துப் போய், துணியில் ஈரம் பட்டதும் தெரியவில்லையாம். இதையெல்லாம் பிறகு ஒரு செவிலியர் கதவைச் சாத்திவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு கேட்டபோதுதான் சொன்னார். அன்று இரவே அறுவை சிகிச்சைக்குப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினோம். கால்களில் பலம் திரும்பியது, நடக்கிறார். சிறுநீர்ப்பை திரும்பவில்லை. இன்றைக்கும் ஒரு நாளைக்கு ஐந்து முறை தானே குழாய் விட்டுத்தான் சிறுநீர் கழிக்கிறார். பல ஆண்டுகள் கழித்து ஒரு திருமண வீட்டில் பார்த்தோம். "அன்னைக்கே சொல்லியிருக்கணும் சார்" என்றார். "நான் கேக்கிற மாதிரி கேட்டிருக்கணும் அம்மா" என்றேன். உண்மை அதுதான். அவர் மறைக்கவில்லை. கொழுந்தனார் முன்னால் எந்தப் பெண்ணும் சொல்ல முடியாத ஒன்றை நான் கேட்டேன்.

அன்றிலிருந்து நான் வேலை பார்த்த இடங்களிலெல்லாம் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். இந்த வலியோடு வருகிற ஒவ்வொருவரையும், ஆணானாலும் பெண்ணானாலும், தனியாக ஒருவர் நாலு கேள்வி கேட்பார். உங்களுக்கும் அந்தக் கேள்விகளைத் தருகிறேன். நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிறுநீர் வருகிறது என்று தெரிகிறதா, முக்காமல் போக முடிகிறதா, தெரியாமல் கசிகிறதா? கழுவும்போது அடியில் தொட்டால் தெரிகிறதா, மரத்திருக்கிறதா? மலம் கட்டுப்பாட்டில் இருக்கிறதா? வலியோ பலவீனமோ ஒரு காலிலிருந்து இரண்டு காலுக்கும் பரவியிருக்கிறதா? இவற்றில் ஒன்று புதிதாக வந்திருந்தாலும், நாளைக்குக் காலை ஓ.பி. சீட்டுக்குக் காத்திருக்காதீர்கள். இரவானாலும், ஞாயிற்றுக்கிழமையானாலும், அறுவை சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனைக்கு 108-ஐ அழைத்தாவது போய்விடுங்கள்.

இன்னும் சில அறிகுறிகள் அவசரப் பிரிவுக்கு அல்ல என்றாலும், தள்ளிப்போடக் கூடாதவை. குதிகாலை ஊன்றி முன்பாதத்தைத் தூக்கி நடக்க முடியவில்லை, அல்லது அந்த ஒரு கால் நுனியில் நிற்க முடியவில்லை என்றால் ஒன்றிரண்டு நாளுக்குள் காட்டுங்கள். பாதம் திடீரென்று விழுந்துபோனாலோ, பலவீனம் நாளுக்கு நாள் கூடினாலோ அன்றைக்கே வாருங்கள். மாலைக் காய்ச்சல், உடல் மெலிவு, படுத்தாலும் குறையாத இரவு வலி இருந்தால் முதுகெலும்புக் காசநோயை நினைக்க வேண்டும். நம் நாட்டில் அது இன்னும் இருக்கிறது. மருந்தால் குணமாகும், ஆனால் தாமதித்தால் கால்கள் போய்விடும். முன்பு புற்றுநோய் வந்தவர்களும், விழுந்து அடிபட்டவர்களும் அப்படியே.

மற்றவர்கள் வீட்டில் என்ன செய்யலாம்? ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை வையுங்கள். பலகையில், வெறுந்தரையில் படுத்தால்தான் நல்லது என்பது கட்டாயமல்ல. ஸ்பெயினில் நாள்பட்ட முதுகு வலி உள்ள 313 பேரிடம் பார்த்ததில், மிகக் கெட்டியான மெத்தையைவிட நடுத்தரமானதே நல்லது என்று 2003-இல் சொன்னார்கள். அரை மணிக்கு ஒரு முறை எழுந்து நாலு எட்டு நடங்கள். பீடி சுற்றும் சகோதரிகளுக்கும், தையல் இயந்திரத்தில் இருப்பவர்களுக்கும், ஆட்டோ ஓட்டும் தம்பிமாருக்கும் இதுதான் முதல் மருந்து. ஒரு பெரிய குடத்துக்குப் பதிலாக இரண்டு சிறிய குடம். எதைத் தூக்கினாலும் சரீரத்தோடு ஒட்டித் தூக்குங்கள், தூக்கிக்கொண்டே திரும்பாதீர்கள். தடித்த பர்ஸைப் பின்பையில் வைத்து அதன்மேல் உட்காருகிற ஐயாமார் அதைச் சட்டைப்பைக்கு மாற்றுங்கள். வெந்நீர் ஒத்தடம் இதமாக இருக்கும். ஆனால் மரத்துப்போன இடத்தில் வைக்காதீர்கள். வெந்தாலும் தெரியாது. வலி குறையத் தொடங்கியதும் பிசியோதெரபிப் பிரிவில் உங்களுக்கு ஏற்ற பயிற்சியைக் கேட்டுச் செய்யுங்கள், நின்ற பிறகும் விடாதீர்கள்.

முடிவாக ஒன்று. சபையிலே யாராவது நாலு வாரம் ஆராதனைக்கு வரவில்லை என்றால், "இடுப்பு வலியாம்" என்று கேள்விப்பட்டுப் பழத்தோடு போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம். அது நல்ல பழக்கம். பெண்கள் சங்கத்துச் சகோதரிகளே, விசேஷமாக உங்களிடம் கேட்டுக்கொள்ளுகிறேன். அடுத்த முறை போகும்போது, ஆண்பிள்ளைகள் வாசலுக்குப் போன பிறகு, அடுப்படியில் வைத்து மெதுவாகக் கேளுங்கள்: "அக்கா, ஒண்ணுக்குப் போறதில ஏதும் வித்தியாசம் தெரியுதா?" டாக்டருக்குச் சொல்லாத பதில் உங்களுக்குக் கிடைக்கலாம். கிடைத்தால், பழத்தை அங்கேயே வைத்துவிட்டு வண்டியைக் கூப்பிடுங்கள்.

 இனி எழுந்து நில்லுங்கள். இவ்வளவு நேரம் ஒரே இடத்தில் உட்காரவைத்ததற்காக என்னை மன்னியுங்கள்.